காலையில் வண்டி படுத்திருந்தால்: ஏர் சஸ்பென்ஷன் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் சஸ்பென்ஷன் என்பது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகளின் மேல் வண்டியைத் தாங்கும் அமைப்பு. பெரும்பாலான பதில்கள் கார்களுக்கானவை. பேருந்து, லாரி வைத்திருப்பவர்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் இருக்கிறது.

இரவு நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் படுத்திருக்கிறது. கம்ப்ரஸர் போய்விட்டதா?

இல்லை. குறைந்தபட்சம், இன்னும் இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் கம்ப்ரஸருக்கு வேலையே கிடையாது. காற்றை ஏற்றுவது மட்டும்தான் அதன் பொறுப்பு. ஏற்றிய காற்றைப் பிடித்து வைப்பவை வேறு: சக்கரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் பை (பெல்லோஸ்), அதற்குப் போகும் மெல்லிய குழாய், வழியைத் திறந்து மூடும் வால்வு பிளாக். இரவில் வண்டி இறங்கினால் இந்த மூன்றில் ஒன்று கசிகிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரஸர் நிச்சயம் போகும். எப்போதாவது ஒரு நிமிடம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சின்ன மோட்டார் அது. கசிகிற காற்றை ஈடுகட்ட நாள் முழுக்க ஓடினால் சூடேறித் தேய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கார் ஒன்றரை வருடத்தில் இரண்டு கம்ப்ரஸர்களைத் தின்றது. கடைசியில் கண்டுபிடித்த வெடிப்பு விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. பாகம் வாங்குவதற்கு முன் காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது அதனால்தான்.

ஒரு சென்டிமீட்டர் இறங்கினால்கூடக் கசிவுதானா?

அவசியமில்லை. காற்று குளிர்ந்தால் சுருங்கும். மாலையில் 30 டிகிரியில் நிறுத்திய வண்டி விடியற்காலை 10 டிகிரியில் நின்றால், பைக்குள் இருக்கும் காற்றின் கன அளவு சுமார் 7 சதவீதம் குறையும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நான்கு மூலையும் சேர்ந்து இறங்கினால் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் இறங்கினாலோ, மூன்று நான்கு மணி நேரத்திலேயே சக்கரம் மட்கார்டுக்குள் மறைந்தாலோ அது கசிவு.

எவ்வளவு இறங்கியது என்று எப்படி அளப்பது?

தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்தாலும் தரை சாய்ந்திருந்தாலும் கணக்கு தப்பும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். நிறுத்தும்போது ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு முறை. கதவைத் திறந்ததுமே சில வண்டிகளில் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு மட்டம் பார்க்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அளந்து பயனில்லை.

எந்த மூலை இறங்குகிறது என்பதை வைத்துக் கோளாறைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஒரே மூலை என்றால் அந்த மூலையின் பெல்லோஸ், அதன் குழாய், குழாய் நுழையும் இணைப்பு, இவற்றின் மேல்தான் முதல் சந்தேகம். முன்பக்கம் இரண்டுமோ பின்பக்கம் இரண்டுமோ சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கைப் பாருங்கள். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு பைகள் ஒரே சமயத்தில் வெடிப்பு விடுவதும் உண்டு. அதனால் வால்வு பிளாக்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான்கும் இறங்குவதுதான் பலரை ஏமாற்றும். சில மாடல்களில், முக்கியமாகப் பழைய ரேஞ்ச் ரோவர், லேண்ட் ரோவர் வண்டிகளில், நிறுத்திய பிறகும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் தானாக விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் வண்டி கோணலாக நிற்கக் கூடாது என்று மற்ற மூன்றையும் அதே உயரத்துக்கு இறக்கிவிடும். கசிவு ஓர் இடத்தில்தான். காலையில் பார்க்கிறவருக்கு நான்கும் போய்விட்டது போலத் தெரியும். அந்த வண்டிகளில் சோதனைக்கு முன் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இரவு நிறுத்துங்கள். மறுநாள் காலையில் உண்மையில் கசியும் மூலை மட்டும் தாழ்ந்திருக்கும்.

சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் இறங்குகிறது. ஏன்?

பெரும்பாலும் தெளித்த இடம் தவறாக இருக்கும், இல்லையென்றால் தெளித்த உயரம். பெல்லோஸ் கீழ்ப்பக்கம் உள்நோக்கி மடிந்து உருளும். வண்டி ஏறி இறங்கும்போது தேய்வதும், மண் சேர்வதும், வெடிப்பு தொடங்குவதும் அந்த மடிப்பில்தான். வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது அந்த இடம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். வண்டியை அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, மடிப்பு விரிந்த பிறகு தெளியுங்கள். பிறகு சாதாரண உயரத்துக்கு இறக்கி இன்னொரு முறை. சில வெடிப்புகள் உயரத்தில் திறந்து தாழ்வில் மூடிக்கொள்ளும், சில இதற்கு நேர்மாறு. பல ஸ்ட்ரட்டுகளில் (பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) ரப்பரின் மேல் ஒரு தூசி உறை இருக்கும். உறையின் மேல் தெளித்தால் ஒன்றும் தெரியாது, அதன் கிளிப்பைத் தளர்த்தி உள்ளே தெளிக்க வேண்டும்.

பொறுமையும் வேண்டும். ஒரு இரவு முழுக்கக் கசிந்து இறங்குகிற வண்டியில் பெரிய குமிழி கிளம்பாது. கடுகு போல மெல்லிய நுரை திரளவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கெட்டியான சோப்புக் கரைசலை பிரஷ்ஷால் தடவிவிட்டு டார்ச் அடித்துக் காத்திருங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நுனியில் குழாய் நுழையும் இடத்தை மறக்காதீர்கள். அங்கே வால்வு இருந்தால் அதன் அடியில் உள்ள ஓ-ரிங்கும் கசியக்கூடிய இடம்தான்.

எல்லாம் பார்த்தும் குமிழி இல்லையென்றால் காற்று வால்வு பிளாக்குக்குள் கசிந்து, வெளியேற்றும் வால்வு வழியாகப் போகிறதா என்று பாருங்கள். வண்டியை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸரின் காற்று வெளியேறும் குழாய் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். குமிழி வந்தால் வழி தெரிந்துவிட்டது. பார்த்த உடனே டம்ளரை எடுத்துவிடுங்கள். சில கம்ப்ரஸர்கள் அதே குழாய் வழியாகத்தான் காற்றை உறிஞ்சும். தண்ணீரில் இருக்கும்போது மறந்துபோய் ஃபியூஸைப் போட்டால் டம்ளர் காலி, கம்ப்ரஸரும் காலி.

பையா, வால்வு பிளாக்கா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல ஒரு வழி?

அந்த மூலையின் குழாயை வால்வு பிளாக்கிலிருந்து கழற்றி, மூடும் வால்வும் பிரஷர் கேஜும் உள்ள இணைப்பில் மாட்டி, வெளியிலிருந்து காற்றேற்றி இரவு விட்டுவிடுங்கள். காலையில் முள் அசையாமல் நின்றால் பையும் குழாயும் நல்லவை, குற்றவாளி வால்வு பிளாக். முள் இறங்கியிருந்தால் வால்வு பிளாக்குக்கு விடுதலை. கேஜ் மாட்டிய இணைப்பே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறது, வண்டி எழவில்லை.

முதலில் பெரிய ஓட்டை: கழன்ற குழாய், கிழிந்த பை. காதாலேயே "உஸ்" என்று கேட்டுவிடும். அது இல்லையென்றால் கம்ப்ரஸர் பக்கம் வாருங்கள். அதன் வெளிவாயில் நேராக ஒரு பிரஷர் கேஜ் மாட்டி ஓடவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள கம்ப்ரஸர் பல கார்களில் 10 பாரை, அதாவது 145 பிஎஸ்ஐயைத் தாண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஐந்து ஆறு பாரிலேயே முள் நின்றுவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், காற்று உள்ளே இழுக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது வெளியேற்றும் வால்வு தூசியால் முழுதாக மூடாமல் இருக்கலாம். கடைசி இரண்டும் சுத்தம் செய்தாலே சரியாகிவிடக்கூடியவை. முதலில் அவற்றைப் பாருங்கள்.

ஒரு சின்ன அடையாளம்: காலியாக ஏறுகிற வண்டி ஆள் ஏறினால் எழ மறுத்தால், அல்லது காலையில் ஏறிவிட்டு மதிய வெயிலில் மக்கர் செய்தால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்தான்.

கம்ப்ரஸர் சத்தமே போடவில்லை.

கழற்றுவதற்கு முன் எளிதானவற்றை முடியுங்கள். எஞ்சின் ஓடுகிறதா? பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் பல வண்டிகள் கம்ப்ரஸரை ஓடவே விடாது. கதவு, டிக்கி எல்லாம் மூடியிருக்கிறதா? ஜாக்கி மோடு (ஜாக்கியால் தூக்கும்போது மட்டம் பார்ப்பதை நிறுத்தி வைக்கும் வசதி) தெரியாமல் போடப்பட்டிருக்கிறதா? சற்று முன் நீண்ட நேரம் ஓடியிருந்தால் சூட்டினால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம், அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் ஃபியூஸ், ரிலே (கம்ப்ரஸருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), எர்த் வயர் என்ற வரிசையில் போங்கள். கடைசியாக, ஃபியூஸ் வைத்த தடிமனான வயரால் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள், சில நொடிகள் மட்டும். மோட்டார் சுற்றினால் அது உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால் எங்கோ. சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து போன மோட்டார்.

ரிலேயை ஏன் எல்லோரும் கம்ப்ரஸரோடு சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள்?

தேய்ந்த கம்ப்ரஸர் அதிக கரண்டை அதிக நேரம் இழுக்கும். அதில் ரிலேயின் உள்முனைகள் கருகும், சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே கம்ப்ரஸரை நிறுத்தவே விடாது. சாவியை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே ரிலேயையோ ஃபியூஸையோ பிடுங்குங்கள், யோசிக்க வேண்டாம். புதுக் கம்ப்ரஸருக்குப் பழைய ரிலே போடுவது கஞ்சத்தனத்திலேயே மோசமான வகை.

டிரையரில் ஈரம் என்கிறார்கள். அது எப்படி வருகிறது?

வெளிக்காற்றில் உள்ள ஈரத்தைப் பிடிக்கக் கம்ப்ரஸரை ஒட்டி ஒரு குடுவையில் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். மணிகள் நிரம்பிவிடாதா என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: வண்டி இறங்கும்போது பையிலிருந்து திரும்பும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாக வெளியேறி, மணிகளில் இருக்கும் ஈரத்தைக் கூடவே கொண்டுபோய்விடும். ஏறும்போது ஈரத்தைப் பிடிக்கும், இறங்கும்போது விட்டுவிடும்.

இப்போது கசிகிற வண்டியை நினைத்துப் பாருங்கள். காற்று டிரையர் வழியாகத்தான் உள்ளே வருகிறது, ஆனால் வெடிப்பு வழியாக வெளியே போகிறது. மணிகளுக்கு உலர வாய்ப்பே இல்லை. சில மாதங்களில் நிரம்பிவிடும், அப்புறம் ஈரம் நேராக வால்வு பிளாக்குக்குள். உள்ளே துருப்பிடிக்கும், குளிர் நாட்டில் என்றால் உறைந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன வெடிப்பு வால்வு பிளாக்கைக் கெடுப்பது இப்படித்தான். குழாயைக் கழற்றும்போது தண்ணீர் துளியோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். வெள்ளைப் பொடி என்பது நொறுங்கிய மணிகள். அவை வால்வுகளுக்குள் போயிருந்தால் அங்கேயும் வேலை இருக்கிறது.

சாவி போட்டதும் ஒரு மூலை அளவுக்கு மேல் எழுகிறது. இதுவும் கசிவா?

இது உயர சென்சார். நான் வைத்திருக்கும் எளிய கணக்கு: வண்டியை அணைத்த பிறகு இறங்கினால் காற்றுக் கோளாறு, வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு கோணலானால் சென்சார் கோளாறு. மேலே சொன்ன தானாக விழிக்கும் வண்டிகள் மட்டும் விதிவிலக்கு.

பெரும்பாலும் சென்சார்கூடக் கெட்டிருக்காது. அதன் கையையும் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் சின்னக் கம்பியின் உருண்டை மூட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது கழன்று தொங்கும். கை கீழே தொங்கினால் கம்ப்யூட்டருக்குப் பொய்யான உயரம் போகும், அது அந்தப் பொய்யைத் திருத்த முயலும். கம்பி நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். பொதுவாக இந்த சென்சார்களுக்கு 5 வோல்ட் வரும், சிக்னல் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் இருக்கும். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் எண் சீராக மாற வேண்டும். நடுவில் குதித்தால் சென்சார் தேய்ந்துவிட்டது. கையை அசைக்கும்போது விரல்கள் சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் இருக்கக் கூடாது, கம்ப்யூட்டர் அதை உண்மை என்று நம்பி வண்டியை இறக்கிவிடும்.

ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டேன், ஒரு கோடும் (கோளாறைக் குறிக்கும் குறியீடு, code) காட்டவில்லை. அப்படியானால் கோளாறு இல்லையா?

மலிவான ஸ்கேனர்கள் எஞ்சினோடு மட்டும் பேசும். சஸ்பென்ஷன் கோடுகள் பொதுவாக "சி" என்ற எழுத்தில் தொடங்கும் சேஸிஸ் கோடுகள், அவற்றைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கோடு கிடைத்தாலும் அதை அப்படியே நம்பிப் பாகம் வாங்காதீர்கள். "குறித்த நேரத்துக்குள் உயரம் எட்டவில்லை", "கம்ப்ரஸர் அதிகச் சூடு" என்பவை பார்க்கக் கம்ப்ரஸரைக் குற்றம் சாட்டுவது போலத் தெரியும். உண்மையில் அது பாவம், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் களைத்துப்போனது. கோடுகளை விட நேரலை எண்கள் பயனுள்ளவை: நான்கு மூலையின் உயரம், காற்றைச் சேமிக்கும் டேங்க் இருந்தால் அதன் அழுத்தம். அப்புறம் ஒவ்வொரு வால்வையும் ஸ்கேனரால் தனித்தனியாகத் திறந்து மூடிப் பார்க்கலாம். வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள் (சோலனாய்டு) "டிக்" என்று பேசும்.

வண்டி மட்டமாகத்தான் நிற்கிறது, ஆனால் ஓட்டம் கட்டையாக, குலுக்கலாக இருக்கிறது.

அது காற்று விஷயமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஷாக் அப்சார்பர் பக்கம் பாருங்கள். மின்சாரத்தால் கட்டுப்படும் ஷாக் என்றால் அதன் வயர் அறுந்தால் பல வண்டிகள் கட்டையான நிலைக்குப் போய்விடும். "டொக் டொக்" சத்தம் என்றால் புஷ், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்.

படுத்த வண்டியை ஓட்டிக்கொண்டு வொர்க்‌ஷாப் போகலாமா?

சக்கரம் மட்கார்டுக்குள் உரசும் அளவுக்கு இறங்கியிருந்தால் கூடாது, வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். லேசாக இறங்கியிருந்தால் மெதுவாக, கிட்ட இருக்கும் இடத்துக்கு மட்டும். காற்றில்லாத பையின் மேல் வண்டியின் எடை உட்கார்ந்து ஆடினால், ஒட்டுப்போடக்கூடிய குழாய்க் கசிவு பையையே மாற்ற வேண்டிய வேலையாகிவிடும். சக்கரத்தின் சாய்வும் மாறி டயரின் உள்விளிம்பு தேயும்.

வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்கலாமா?

காற்றை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். வண்டி உயரமாக நிற்கிறது என்பது ஒரு ரப்பர் பையும் ஒரு சின்ன வால்வும் தரும் வாக்குறுதி மட்டுமே. ஜாக்கி மோடு போட்டு அல்லது சிஸ்டத்தை அணைத்து, ஜாக்கியால் தூக்கி, வண்டியின் உடலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை நீட்ட வேண்டும். ஸ்கேனரில் ஒரு பட்டன் தவறாக அழுத்தினால்கூட வண்டி நொடிகளில் இறங்கும். குழாயைக் கழற்றும் முன் ஸ்கேனரால் காற்றை இறக்கிவிட்டு, கண்ணாடி அணிந்து, நட்டைக் கால் சுற்று தளர்த்தி "உஸ்" நிற்கும்வரை காத்திருங்கள்.

ஒரு பை போனால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

கல் பட்டுக் கிழிந்தது என்றால் ஒன்று போதும். வயதானதால் வெடித்தது என்றால் அடுத்ததும் அதே நாள் பிறந்த ரப்பர், விரைவில் அதுவும் வரும். மாற்றும்போது குழாய் முனையை பிளேடால் நேராக வெட்டுங்கள், கட்டிங் பிளையரால் நசுக்கி வெட்டினால் புது இணைப்பும் கசியும். புதுப் பையில் காற்றேற்றும் முன் வண்டியை அதன் மேல் இறக்காதீர்கள். மடிப்பு தாறுமாறாக விழுந்து முதல் நாளே கிழியும்.

சென்சாரைக் கழற்றி மாட்டியிருந்தால் உயர அளவீடு மறுபடி செய்ய வேண்டும். முகப்பு விளக்கின் கோணமும், கேமரா வைத்த வண்டிகளில் அதன் பார்வையும் வண்டி மட்டமாக நிற்பதைச் சார்ந்தவை.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு சுருள் ஸ்பிரிங் மாட்டிவிடலாமா?

புது யோசனை இல்லை. நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷனோடு 1957-ல் வந்த காடிலாக் எல்டொராடோ புரோம் கசிந்து கசிந்தே பெயர் வாங்கியது. அதன் உரிமையாளர்கள் பலர் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். 1984-ல் லிங்கன் மார்க் 7 மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பழைய வண்டியில் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டும்போது நியாயமான முடிவுதான். ஆனால் எச்சரிக்கை விளக்கை அடக்கத் தனி ஏற்பாடு வேண்டும், பாரத்துக்கேற்ப மட்டம் பார்க்கும் வசதி போய்விடும். ஒரு வெடித்த பைக்காக இதைச் செய்வது அதிகம்.

பேருந்து, லாரிக்கும் இதே முறைதானா?

பை அதேதான், கட்டுப்பாடு வேறு. பெரும்பாலானவற்றில் ஒரு கம்பியால் ஆக்ஸிலோடு இணைத்த லெவலிங் வால்வு இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளிக் காற்றை உள்ளே விடும், உயர்ந்தால் வெளியே விடும். காற்று பிரேக்குக்கான கம்ப்ரஸரிலிருந்தே வருகிறது, ஆனால் பிரேக் டேங்குக்குத்தான் முதல் உரிமை. நடுவில் உள்ள பாதுகாப்பு வால்வு பிரேக்குக்குப் போதுமான அழுத்தம் ஏறிய பிறகே சஸ்பென்ஷனுக்கு வழி விடும். அதனால் வண்டி எழவில்லை என்றால் முதலில் பிரேக் காற்று மீட்டரைப் பாருங்கள்.

மீட்டர் சரியென்றால் கம்பியைக் கழற்றி, வண்டிக்கு வெளியே நின்றபடி வால்வின் கையை மேலே தூக்கிப் பிடியுங்கள். சில நொடி தாமதத்துக்குப் பிறகு காற்று ஏற வேண்டும். இறக்கினால் வெளியேற வேண்டும், நடுவில் விட்டால் சத்தம் அடங்க வேண்டும். நடுவிலும் வெளியேறும் துளையில் காற்று வந்துகொண்டே இருந்தால் வால்வு போச்சு. மூன்றும் சரியாக நடந்தால் வளைந்த கம்பியோ தேய்ந்த ரப்பர் மூட்டோதான் காரணம். உடைந்த ஷாக் அப்சார்பரையும் விட்டுவைக்காதீர்கள். பை அளவுக்கு மேல் இழுபடாமல் தடுப்பது பல வண்டிகளில் அதுதான்.

டயருக்கு ஊற்றுகிற சீலன்ட்டைப் பைக்குள் ஊற்றிக் கசிவை அடைக்கலாமா?

கூடாது. பையில் உள்ள காற்று வால்வு பிளாக் வழியாகத்தான் திரும்பும். வெடிப்பு அடைகிறதோ இல்லையோ, வால்வு நிச்சயம் அடையும்.